உரிமை ஏட்டில், தடை வளாகத்தில்: சென்னை மாணவியரும் கருக்கலைப்பும்

பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் கருக்கலைப்புக்கு மருத்துவரின் கருத்தும் அவளது இசைவும் போதும். பெற்றோர், கணவர், விடுதிக் காப்பாளர் எவருடைய கையெழுத்தையும் 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் கேட்கவில்லை. அச்சட்டம் தரும் உரிமையை மாணவியிடமிருந்து பறிப்பது காலத்தாழ்வு என்பதும், அதைத் தடுக்கும் பொறுப்பு கல்வி நிறுவனத்துக்கு உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2021ஆம் ஆண்டுத் திருத்தம் கருத்தடை பொய்த்த மணமாகாத பெண்ணையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அவளது அடையாளத்தை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை விதித்தது. 20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பில் மணமானவர், மணமாகாதவர் எனப் பிரிப்பது அரசமைப்புக்கு முரண் என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் இல்லாத குடும்ப இசைவை மருத்துவர்கள் கேட்கக் கூடாது என்றும் அத்தீர்ப்பு அறிவுறுத்தியது.

ஆனால் கர்ப்பம் வாரக் கணக்கில் வளர்வது. அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ள வேண்டும். மருத்துவர் சீட்டின்றி விற்க மத்திய விதிகள் இடம் தந்தும், சென்னையின் பல மருந்துக்கடைகளில் அது நெடுங்காலமாகக் கிடைப்பதில்லை. மாத்திரையால் கருவைக் கலைப்பதற்கான வரம்பு ஒன்பது வாரம். விடுதியை விட்டு வெளியே செல்ல அனுமதிச் சீட்டு, காரணம் எழுதிய விடுப்புக் கடிதம், வீட்டுக்குப் போகும் தொலைபேசி அழைப்பு ஆகியவற்றுக்கு அஞ்சி மாணவி தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் எளிய சிகிச்சையைக் கடினமாக்குகிறது.

வேலைக்குச் செல்லும் பெண்ணுக்குக் கருக்கலைப்புக்குப் பின் ஆறு வார ஊதிய விடுப்பை 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வழங்கியது. முனைவர் பட்ட ஆய்வாளருக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்றது. கருக்கலைப்புக்குப் பின் ஓய்வெடுக்கும் மாணவியோ வருகைப் பதிவுக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது. உடலின் தேவை ஒன்றாக இருக்க, ஓய்வின் உரிமை மட்டும் வேறாவது நியாயமன்று.

பிள்ளையின் துயரைப் பெற்றோர் அறிய வேண்டாமா என்று கேட்கலாம். அறிந்து துணை நிற்கும் பெற்றோர் பெரும் பலம். அவர்களிடம் சொல்வதா என்பதை வயது வந்த மகளே முடிவுசெய்ய வேண்டும். பதினெட்டு நிறையாத முதலாண்டு மாணவிக்குப் பாதுகாவலரின் இசைவு கட்டாயம். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தகவல் தர வேண்டிய அவள் வழக்கிலும், அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கூறியது.

கலிபோர்னியாவில் 2019இல் இயற்றிய சட்டம், அரசுப் பல்கலைக்கழக மருத்துவ மையங்களே 2023 முதல் கருக்கலைப்பு மாத்திரை வழங்க வேண்டும் என்றது. நம் வளாக மருந்தகங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையும் அடையாறு, மயிலாப்பூர் வளாகங்களுக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளன. அங்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டு, விடுதிக்கும் துறைக்கும் போகாத மருத்துவக் குறிப்பு, காரணம் கேட்காத மருத்துவ விடுப்பு, பின்தொடரும் உளநல ஆலோசனை ஆகிய நான்கையும் ஒவ்வொரு கல்லூரியும் எழுத்தில் உறுதிசெய்து, சேர்க்கை நாளிலேயே மாணவியரிடம் தர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். ஆட்சிக்குழுவின் ஒரு தீர்மானம் போதும்.