அதிபர் பதவிநீக்கமும் குற்றவியல் வழக்கும் (அமெரிக்கா)

அமெரிக்க அதிபர், நீதிபதிகள் உள்ளிட்ட உயர் பதவியினர் மீது நாடாளுமன்றம் (காங்கிரஸ்) நடத்துவது பதவிநீக்க விசாரணை. அரசு வழக்கறிஞர் தொடுக்க, நீதிமன்றம் விசாரிப்பது குற்றவியல் வழக்கு. முன்னதில் பறிபோவது பதவி. பின்னதில் கிடைப்பது சிறையோ அபராதமோ.

தோற்றம்

இங்கிலாந்தில் 1376-இல் லாட்டிமர் பிரபு மீது பதவிநீக்க முறை முதன்முதலில் பாய்ந்தது. அங்கே பதவிநீக்கமும் தண்டனையும் ஒன்றாகவே இருந்தன. பிரபுக்கள் அவையால் மரண தண்டனைகூட விதிக்க முடிந்தது. 1787-இல் பிலடெல்பியாவில் அரசியல் சாசனம் வகுத்தவர்கள் இவற்றைப் பிரித்தார்கள். அப்போது லண்டனில், வங்காளத்தின் முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது நடவடிக்கை தொடங்கியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டிய பிலடெல்பியா பிரதிநிதி ஜார்ஜ் மேசன், பதவிநீக்கக் காரணங்களாகத் தேசத்துரோகம், லஞ்சம் என்று மட்டும் எழுதினால் போதாது என்றார். 'நிர்வாகச் சீர்கேடு' என்பதையும் சேர்க்கச் சொன்னார். அது வரையறையற்றது என மற்றொரு பிரதிநிதியான மேடிசன் மறுக்கவே, 'பிற பெருங்குற்றங்கள், முறைகேடுகள்' என்ற தொடர் இடம்பெற்றது.

நடைமுறை

காங்கிரஸின் பிரதிநிதிகள் அவை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும், மற்றோர் அவையான செனட் விசாரிக்கும். வந்திருப்போரில் மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தால் பதவி போகும். மீண்டும் பதவி வகிக்கவும் தடை விதிக்கலாம். அதற்கு மேல் தண்டனை இல்லை. ஆனால் அதே செயலுக்காகப் பின்னர் நீதிமன்றத்தில் நிறுத்தத் தடையில்லை.

முக்கிய நிகழ்வுகள்

1868-இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் செனட்டில் ஒரே வாக்கில் தப்பினார். அதிபர் நிக்சன் 1974 ஆகஸ்ட் 9-இல் விலகியதால் பதவிநீக்க நடவடிக்கை நின்றது. வழக்கு அபாயம் நிற்கவில்லை. அதைத் தீர்த்தது, செப்டம்பர் 8-இல் அடுத்த அதிபர் ஃபோர்டு அளித்த மன்னிப்பு. 1999-இல் செனட்டில் விடுதலையான அதிபர் கிளின்டன், 2001 ஜனவரி 19-இல் வழக்கைத் தவிர்க்க உடன்பாடு செய்துகொண்டார். வழக்கறிஞர் உரிமத்தை ஐந்தாண்டுகள் இழந்து, 25,000 டாலர் அபராதமும் கட்டினார்.

சிறைக்குப் போனாலும் பதவி தானாகப் போய்விடாது. வரி வழக்கில் சிறையிலிருந்த நீதிபதி ஹாரி கிளெய்போர்ன் விலக மறுத்து, சம்பளத்தையும் பெற்றுவந்தார். 1986 அக்டோபரில் செனட் நீக்கிய பிறகே அது நின்றது.

2021-இல் செனட்டின் பதவிநீக்க விசாரணையில் டிரம்புக்கு எதிராக 57 வாக்குகள் விழுந்தன, தேவை 67. செனட் விடுவித்த பின் வழக்குத் தொடர முடியாது என்ற அவரது வாதத்தை 2024 பிப்ரவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. ஆயினும் அலுவல்சார் செயல்களுக்கு அதிபருக்குப் பெருமளவு பாதுகாப்பு உண்டென 2024 ஜூலை 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவியிலிருக்கும் அதிபர் மீது வழக்குத் தொடுப்பதில்லை என்பது 1973 முதல் அமெரிக்க நீதி அமைச்சகத்தின் நிலைப்பாடு. டிரம்ப் மீண்டும் வென்றதும் அவர் மீதான கூட்டாட்சி வழக்குகள் கைவிடப்பட்டது அதனால்தான்.