தென்னந்தூரில் முந்திக்கொள்ளும் பூஞ்சை

வேளாண் பாடநூல்கள் பூஞ்சைகளை இரண்டு அதிகாரங்களில் பிரித்து வைக்கின்றன: நோய்க்காரணிகள் ஓரிடம், உயிர் உரமும் உயிரியல் பூஞ்சாணக்கொல்லியும் வேறிடம். பாடம் நடத்த இது வசதி. தோட்டத்தில் இந்தப் பிரிவினை செல்லாது என்பதற்குத் தென்னையின் அடித்தண்டழுகல் நோயே போதிய சான்று.

1952 புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் கடுமையாகத் தலைகாட்டியதால் 'தஞ்சாவூர் வாடல்' என்றே இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. காரணம் கனோடெர்மா என்னும் பூஞ்சை. அடிமட்டைகள் மஞ்சளித்துத் துவண்டு தொங்கும். தூரில் பட்டை வெடித்துச் செம்பழுப்புச் சாறு கசியும். அரக்குப் பூசினாற்போல் பளபளக்கும் விசிறிக் காளான் பெரும்பாலும் கடைசியில்தான் வெளிவரும். அதைக் கண்டு நோயை உறுதிசெய்வதற்குள் வேர்கள் அழுகியிருக்கும். தென்னை ஒருவித்திலைத் தாவரம். அழுகிய தண்டைப் புதுத் திசுவால் மூடிக்கொள்ளும் கேம்பியம் அதற்குக் கிடையாது.

இதே பேரினத்துக் காளானைத்தான் சீனத்தில் லிங்ஜி என்று மருந்தாக விற்கிறார்கள். காட்டில் விழுந்த மரத்தின் கடினப் பொருளான லிக்னினைச் சிதைத்து மண்ணோடு சேர்ப்பதும் இதன் உறவினங்களே. லிக்னினை முழுதாகச் சிதைக்க வல்ல உயிர்கள் மிகச் சில. காட்டுக்கு உரமாகும் அந்தத் திறன்தான் தென்னந்தூரையும் தின்கிறது. கோடையில் வறளும் மணற்பாங்கான நிலம், மழையில் தேங்கும் நீர், ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்குப் பாயும் பாசனம், பட்டுப்போன பின்னும் அகற்றாத கட்டை ஆகியவை கூடினால் நோய் பரவ வழி திறந்துவிடும்.

எதிரணியில் டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சை. அது ரைசோக்டோனியா என்னும் நோய்ப் பூஞ்சையின் இழைகளைச் சுற்றிப் பின்னித் தின்பதை ஆய்வாளர் வைண்ட்லிங் 1932இல் விவரித்தார். இன்று அது உழவரின் தோழன். அந்தத் தோழனைக் காளான் வளர்ப்பவர் குடில் வாசலிலேயே விரட்டுவார்: சிப்பிக்காளான் படுக்கையில் பச்சைத் திட்டாகப் பரவி விளைச்சலைக் கெடுப்பது டிரைக்கோடெர்மா இனங்களே. வைக்கோலை வெந்நீரில் வேகவைப்பது இத்தகைய போட்டியாளர்களை ஒழிக்கத்தான்.

நன்மையும் தீமையும் இப்படி இடத்தைப் பொறுத்து மாறுகையில், நல்ல பூஞ்சையைப் பொட்டலமாக வாங்கிப் போட்டால் போதும் என்ற அணுகுமுறை பலவீனமானது. ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள அலகுகள் இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் டிரைக்கோடெர்மாவுக்கான தர நிபந்தனை. அந்தக் கணக்கு பொட்டலத்தோடு நின்றுவிடுகிறது. மண்ணில் எத்தனை பிழைக்கும் என்பதை அங்குள்ள மட்கு தீர்மானிக்கிறது. மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரமும் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும் பரிந்துரையில் இருப்பதை வெறும் உரக் கணக்காகப் பார்க்கக் கூடாது. பூஞ்சைக்கு அதுவே தீனி. மாடு குறைந்துவிட்ட ஊர்களில் அத்தனை தொழுவுரத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் பொட்டலம் அதற்கு விடையாகாது.

இன்னும் கூர்மையான பாடம் பிரிட்டனின் பைன் காடுகளில் கிடைக்கிறது. அங்கே வெட்டிய கட்டைகள் வழியாக ஹெட்டரோபேசிடியான் என்னும் வேரழுகல் பூஞ்சை பரவியது. கேம்பிரிட்ஜின் ஜான் ரிஷ்பெத், மரத்தை மட்கவைக்கும் ஃப்ளெபியாப்சிஸ் பூஞ்சையின் வித்துகளைப் புது வெட்டுமுகத்தில் இட்டார். கட்டையை அது முதலில் பிடித்துக்கொண்டதால் நோய்ப் பூஞ்சைக்கு இடமில்லாமல் போனது. 1963இல் வெளியான இந்த முறை ஐரோப்பிய வனத்துறைகளில் நடைமுறைக்கும் வந்தது.

2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. 1952ஐ நினைவில் வைத்திருப்பவர் அடுத்துக் கேட்க வேண்டியது, மண்ணுக்குள் எஞ்சிய தூர்களில் எந்தப் பூஞ்சை குடியேறியது என்பதே. தென்னை பைன் அல்ல; அதன் தண்டின் கட்டமைப்பே வேறு, எனவே ரிஷ்பெத்தின் முறை அப்படியே பலிக்கும் என்று சொல்ல முடியாது. சிப்பிக்காளானும் லிக்னினைச் சிதைப்பது. அதைப் புது வெட்டுத்தூரில் முதலில் ஏற்றினால் கனோடெர்மா தடைபடுமா என்பதைத் தஞ்சை மணலிலேயே, கோடை வறட்சியையும் மழை நீர்த்தேக்கத்தையும் தாண்டிப் பல ஆண்டுகள் சோதிக்க வேண்டும். முடிவு தெரியும்வரை, மறுநடவுக்கு முன் பழைய தூரையும் வேரையும் தோண்டி அகற்றும் கூலியை நடவுச் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.