நடுப் பிளேட்

போடிநாயக்கனூரில் எங்கள் லேத் பட்டறைச் சுவரில் ஒரு இரும்புத் தகடு தொங்குகிறது. முக்கால் அங்குல கனம். நடுவில் பெரிய வட்டம், அதைச் சுற்றி இரண்டு வரிசைத் துளைகள். ஒரு வரிசை பூஜோ டீசல் என்ஜினுக்கு, மற்றது வில்லிஸ் பெல் ஹவுசிங்குக்கு. 1988ல் அப்பா கடைந்தது. அளவு பார்க்க மாதிரியாக வைத்துக்கொண்டோம். நடுப் பிளேட் என்போம். மேற்குமலையில் பழைய பெட்ரோல் வண்டிகள் டீசல் என்ஜினோடு இத்தனை வருஷம் ஓடியதற்குக் காரணம் இந்த மாதிரித் தகடுகள்தான்.

பெட்ரோலை இறக்கி டீசலை ஏற்றும் வேலையை எங்கள் ஊர் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் பெர்க்கின்ஸ் கம்பெனி 1937ல் கொண்டுவந்த பி6 என்ஜின், பெட்ரோல் லாரிகளில் மாற்றிப் பொருத்தப்பட்டே பேர் வாங்கியது. ஐம்பதுகளில் சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் அந்த பெர்க்கின்ஸை இங்கேயே செய்யத் தொடங்கியது. எங்கள் பக்கம் அந்த வேலை ஜீப்போடு வந்தது. மகிந்திரா நாற்பதுகளின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது. அறுபதுகளின் நடுவில் எஃப்.சி.150 என்ற மூக்கில்லாத பிக்கப்பும் வந்தது. எனக்கு அந்த வண்டிமேல் தனிப் பிரியம். என்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 81 அங்குலம்தான். போடிமெட்டு வளைவுகளில் அது திரும்புகிற அழகே வேறு.

அதிலிருந்தது ஹரிக்கேன் என்ஜின், 2.2 லிட்டர் பெட்ரோல். நல்ல என்ஜின், ஆனால் தீனி அதிகம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நாலு மடங்கானது. பெட்ரோல் எட்டாத உயரத்துக்குப் போனது. லாரியும் பஸ்ஸும் ஓட வேண்டும் என்று டீசலை அரசு மலிவாகவே வைத்திருந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவருக்கு அந்த வித்தியாசம்தான் வருமானம். இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோல் ஜீப்பில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் இறங்கினால் வண்டி நின்றுவிடும்; மலை மழையில் அது அடிக்கடி நடக்கும். டீசலில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது.

என்ஜினைத் தூக்கி வைப்பது ஒரு நாள் வேலை. கிராங்க் ஷாஃப்டின் நடுவும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் நடுவும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், பிழைப்பே அதில்தான். ஃப்ளைவீலில் டயல் கேஜை மாட்டி, ஹவுசிங் ஓட்டையின் உள்விளிம்பில் முனையை வைத்து, கையால் ஒரு சுற்று சுற்றுவோம். முள் அஞ்சு தௌவுக்கு மேல் ஆடக்கூடாது. ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அது. "முள்ளைப் பாருடா, என் மூஞ்சியைப் பாக்காதே" என்பார் அப்பா. சரியாக வந்ததும் டவல் பின் அடித்துவிடுவார். அதன்பிறகு எத்தனை தடவை கழற்றினாலும் பிளேட் அதே இடத்தில்தான் உட்காரும்.

பத்தொன்பது வயதில் நானே தனியாகச் செய்த முதல் வண்டியில், போல்ட் இறுக்கினால் போதும் என்று டவல் பின்னை விட்டுவிட்டேன். மூணே மாதம். பைலட் பேரிங் பொடியாகி, மேட்டில் ஏறும்போது டாப் கியர் தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. வண்டிக்காரரிடம் காசு வாங்காமல் தாமே பிரித்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் திரும்பப் பூட்டினார். இன்றைக்கும் டவல் பின் அடிக்காமல் எந்த வண்டியும் என் பட்டறையை விட்டுப் போவதில்லை.

பிறகு கியர்பாக்ஸையும் மாற்றச் சொன்னார்கள். வில்லிஸின் மூணு கியருக்குப் பதில் நாலு, அஞ்சு. புதிய பெட்டி நீளமானது. அதற்கேற்ப டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் தள்ளிப்போகும். ஜீப்பில் சமாளிக்கலாம். 81 அங்குல எஃப்.சி.யில் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை. இன்னும் வெட்டினால் ஜாயிண்டின் சாய்வு அதிகமாகி, அதன் சிலுவை தேய்ந்துவிடும். அதனால் எஃப்.சி.க்கு அப்பா மறுத்துவிடுவார். சரியான முடிவு அது.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு போட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரித்தவர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று அழுத்திச் சொன்னது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறுப்பு இல்லை. கனமான என்ஜினை ஏற்றிவிட்டுப் பழைய டிரம் பிரேக்கை அப்படியே விட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது வருகிறவர்கள் நேர்மாறாகக் கேட்கிறார்கள்: டீசலை இறக்கிப் பழைய ஹரிக்கேனையே வைத்துக்கொடுங்கள். என்ஜின்கூடக் கிடைத்துவிடுகிறது, அசல் பெல் ஹவுசிங்தான் அகப்படுவதில்லை. கியர்பாக்ஸ் மாற்றிய அந்த வருஷங்களில் கழற்றியதையெல்லாம் நாங்களே கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போட்டோம். ஆறு மாதம் தேடி, மதுரையில் ஒன்று கிடைத்தது. ஒரு காது உடைந்திருந்தது. வெல்டிங் வைத்து, டயல் கேஜை மாட்டியிருக்கிறேன். முள் இன்னும் எட்டு தௌ ஆடுகிறது.