180-க்கு 50: கார் ஸ்டீரியோவின் சரித்திரம்

ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம். 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது ஆதிமனிதனின் கற்கருவிகள் முதல் ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் வரை வெளியே வந்தன. அதே வட்டாரத்தில் இன்று கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று சக்கரம் சம்பந்தப்பட்ட எல்லாமே தயாராகின்றன. டிரெய்லர் லாரிகளில் அடுக்கடுக்காகப் புதுக் கார்கள் ஏறிப் போவது அந்தப் பக்கம் தினசரிக் காட்சி.

ஆனால் ஒரு விஷயம் யோசிக்க வைக்கிறது. புதுக் கார் வாங்கிய ஜோரில் முதலில் கோயில், மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அடுத்தது சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு! அங்கே கதவுகளைப் பிரித்து, கம்பெனி கொடுத்த ஸ்பீக்கரைக் கழற்றி, வேறு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தால்தான் பலருக்குக் கார் வாங்கிய திருப்தியே வரும். ஆயிரக்கணக்கான பாகங்களை மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருத்தத் தெரிந்த கம்பெனிக்கு நாலு ஸ்பீக்கரை ஒழுங்காகப் பொருத்தத் தெரியாதா என்ன? அந்த வேலை ஏன் வெளியே போனது? இப்போது ஏன் மெல்ல மெல்ல உள்ளே திரும்பிப் போகிறது?

இந்தக் கதை முழுக்க டாஷ்போர்டில் இருந்த ஒரு செவ்வக ஓட்டையைச் சுற்றித்தான் நடக்கிறது. அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர்.

முதல் ரேடியோவே வெளியில் மாட்டியதுதான்

அமெரிக்காவில் பால் கால்வின் என்பவர் 1930-ல் ஒரு கார் ரேடியோவைச் செய்தார். அந்த வருடம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு நடந்தது. கடை போட இடம் கிடைக்காததால் அவர் தன் காரை வெளியே நிறுத்தி, ரேடியோவைச் சத்தமாகப் பாட விட்டு ஆர்டர் பிடித்தார். மோட்டார் காரில் பாடும் பெட்டி என்பதால் அதற்கு 'மோட்டோரோலா' என்று பெயர் வைத்தார். பின்னாளில் செல்போனில் உலகப் புகழ் பெற்ற அதே மோட்டோரோலாதான். 1947-ல் கம்பெனியின் பெயரே அதுவாக மாறியது.

அன்றைக்கு ரேடியோ மாட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டும், தரைப்பலகைக்கு அடியில் தனி பேட்டரி வைக்க வேண்டும், ஸ்பீக்கருக்கு இடம் தேட வேண்டும். கால்வின் கடன் கேட்கப் போன பேங்க்காரரின் காரில் ரேடியோ மாட்டிக் கொடுக்க, அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்தது என்று ஒரு கதை உண்டு. கடன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அது வால்வு ரேடியோ காலம். வால்வுக்கு அதிக வோல்ட்டேஜ் வேண்டும். காரில் இருந்ததோ 6 வோல்ட் பேட்டரி. 'வைப்ரேட்டர்' என்ற துடிக்கும் கருவி ஒன்றை வைத்து வோல்ட்டேஜை ஏற்றினார்கள். 1955-ல் ஃபில்கோவும் கிரைஸ்லரும் சேர்ந்து முழு டிரான்சிஸ்டர் கார் ரேடியோவைக் கொண்டுவந்த பிறகுதான் இந்தத் தொல்லைக்கு விடிவு வந்தது. அடுத்த வருடமே கிரைஸ்லர் காருக்குள் இசைத்தட்டு பிளேயரையும் வைத்துப் பார்த்தது. குண்டும் குழியுமான ரோட்டில் ஊசியும் தட்டும் என்ன பாடுபட்டிருக்கும்! அது நிலைக்கவில்லை.

நம் ஊரில் ரேடியோவுக்கும் லைசென்ஸ்

இந்தியாவில் அப்போது கார் என்பதே காத்திருந்து வாங்க வேண்டிய பொருள். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இதில் ஹெரால்ட் நம்ம ஊர் கார். வண்டலூர்-பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ஆலையில் 1961 முதல் தயாரானது. இந்தக் கார்களில் ரேடியோ என்பது தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளும் ஆடம்பரம். போதாக்குறைக்கு, ரேடியோப் பெட்டி வைத்திருந்தாலே தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அந்த முறை 1980-களில்தான் ஒழிந்தது.

மீடியம் வேவில் இன்னொரு தொல்லை. ஸ்பார்க் பிளக் பொறி விடும்போதெல்லாம் 'கரகர' சத்தம் பாட்டோடு கலந்துவிடும். பண்பலையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கியது சென்னையில்தான் என்பது பலருக்குத் தெரியாது. தேதி 1977 ஜூலை 23. ஆனால் அதைக் கேட்கும் வசதியுள்ள ரேடியோ கார்களில் பரவலாக வர இன்னும் பல வருடங்கள் ஆயின. 2003-ல் தனியார் பண்பலை நிலையங்கள் வந்த பிறகு சென்னை டிராஃபிக்கில் எல்லாக் காரிலும் ஒரே பாட்டு!

கேசட் வந்தது, ஓட்டை பிறந்தது

1963-ல் பிலிப்ஸ் கம்பெனி சிறிய கேசட்டை அறிமுகப்படுத்தியது. அதோடு ஒரு பெரிய மாற்றம் வந்தது. அதுவரை நிலையத்தார் போட்ட பாட்டைத்தான் கார்க்காரர் கேட்டார். கேசட் வந்த பிறகு எந்தப் பாட்டு என்பதை அவரே தீர்மானித்தார். தமிழ்நாட்டில் இது எண்பதுகளில் உச்சத்துக்குப் போனது. வெள்ளைத்தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிட கேசட்டில் பதிவு செய்து தரும் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. டாக்ஸி, டூரிஸ்ட் வேன், தனியார் பஸ் எல்லாவற்றிலும் இளையராஜாதான். வெளிநாட்டு கார் ஸ்டீரியோ வேண்டும் என்றால் பர்மா பஜார்.

அந்த ஸ்டீரியோவை எந்தக் காரில் வேண்டுமானாலும் மாட்ட முடிந்தது எப்படி? இங்கேதான் அந்த ஓட்டை வருகிறது. ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பு கார் ரேடியோவின் முகப்புக்கு 180-க்கு 50 மில்லிமீட்டர் என்று ஓர் அளவை வகுத்தது. 1984-ல் அதுவே ஐ.எஸ்.ஓ. 7736 என்ற உலகத் தரமானது. 'டின்' என்பது அந்த ஜெர்மன் அமைப்பின் சுருக்கப் பெயர். கடைக்காரர்கள் 'சிங்கிள் டின்', 'டபுள் டின்' என்று சொல்வது இதைத்தான். தகர டின் இல்லை! டபுள் டின் என்றால் உயரம் இரண்டு மடங்கு, அதாவது 100 மில்லிமீட்டர்.

கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் இந்த ஓர் அளவால் கார் செய்பவரும் ஸ்டீரியோ செய்பவரும் ஒருவரை ஒருவர் கேட்காமலே வேலை செய்ய முடிந்தது. ஜப்பானில் செய்த பெட்டி மாருதி 800-ல் உட்கார்ந்தது. அந்தக் கார் 1983 டிசம்பரில் வந்தது, லட்சக்கணக்கில் விற்றது. நடுவில் ஒரு புதுத் தொழிலே பிறந்தது. அதுதான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு.

கம்பெனி ஸ்பீக்கரில் என்ன குறை?

கம்பெனிக்குத் திறமை இல்லாமல் இல்லை, கணக்குதான் காரணம். ஒரு காரில் நூறு ரூபாய் மிச்சம் பிடித்தால் ஒரு லட்சம் காரில் ஒரு கோடி. அதனால் ஸ்பீக்கரில் காந்தம் சின்னதாகும், கூம்பு மெல்லிய காகிதமாகும். பேஸ் மாடலில் ஸ்பீக்கரே இருக்காது. சில கார்களில் ஒயர் மட்டும் கதவு வரை வந்து நிற்கும்.

கடைக்காரர் சொல்லும் கணக்கிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் '50 வாட்ஸ் x 4' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். 14.4-ஐ அதாலேயே பெருக்கி 4-ஆல் வகுத்தால் 52 வாட்ஸ் வருகிறது. ஆனால் அது ஒலி முழுதாகச் சிதைந்து கட்டம் கட்டமாக வெட்டுப்பட்ட நிலையில் வரும் கணக்கு. சிதையாத ஒலிக்கு அதில் பாதி, 26 வாட்ஸ்தான் உச்சவரம்பு. நடைமுறையில் 15 முதல் 20 வாட்ஸ் கிடைத்தால் பெரிது. அதற்கு மேல் வேண்டும் என்றால் வோல்ட்டேஜை ஏற்றும் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சின்ன வித்தியாசம்.

அதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் கதவைக் கவனிப்பார். கதவின் உள் தகட்டில் நிறைய ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி அதன் வழியே வந்து முன்பக்க ஒலியோடு மோதி, தாழ்ந்த ஸ்வரங்களை அழித்துவிடும். ஓட்டைகளை அடைத்து, தகட்டில் டாம்பிங் ஷீட் ஒட்டினால் பழைய ஸ்பீக்கரே பேஸ் கொடுக்கும். ஆம்ப்ளிஃபயர் வைத்தால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போடுவதும் அவசியம். கால்வின் கதையில் எரிந்த காரை மறக்கக் கூடாது.

ஓட்டை மூடியது

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ, 1999-ல் மறைமலை நகரில் ஃபோர்டு ஐகான் என்று இந்த வட்டாரம் கார் வட்டாரமானது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. (மறைமலை நகரில் ஃபோர்டு கார் உற்பத்தி 2022-ல் நின்றுவிட்டது. ஒரகடம் ஆலை 2025-ல் முழுவதும் ரெனோ வசமானது.)

இதே காலத்தில்தான் ஸ்டீரியோ தனிப் பெட்டி என்ற நிலை போய், டாஷ்போர்டின் வளைவோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. ஸ்டியரிங்கில் வால்யூம் பட்டன் வந்தது. அப்புறம் தொடுதிரை. 2015-ல் ஒரகடத்தில் இருந்து வந்த சின்னக் கார் ரெனோ க்விட். அதன் உயர் மாடலில்கூட 7 அங்குலத் திரை! 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூ இணையத்தோடு இணைந்த காராகவே விற்கப்பட்டது. பல கார்களில் ரிவர்ஸ் கேமரா, செட்டிங்ஸ் எல்லாம் இப்போது அந்தத் திரையில்தான். அதைக் கழற்றினால் பாட்டோடு சேர்ந்து பாதிக் காரே ஊமையாகிவிடும். ஒயரை வெட்டினால் வாரண்டிக்கும் ஆபத்து.

லாபம் இல்லாமல் இல்லை. கம்பெனி கொடுக்கும் ஒலி முன்பைவிட எவ்வளவோ மேல். ரோட்டில் இருந்து கண்ணை எடுக்காமல் பாட்டை மாற்றலாம். மெக்கானிக்குகளும் சும்மா இருக்கவில்லை. திரையைத் தொடாமல், ஒயரை வெட்டாமல், கப்ளர் வழியாகவே ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் மாட்டக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் போனது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டீரியோ பழசானால் சில ஆயிரத்தில் மாற்றிவிட்டு அதே காரைப் பதினைந்து வருடம் ஓட்டினார்கள். செல்போன் மூன்று வருடத்தில் பழசாகிவிடுகிறது. காரில் பதிந்த திரையும் அதே மாதிரிதானே? அது மெதுவானால், அப்டேட் நின்றால், மாற்ற வேறு பெட்டி எளிதில் கிடைக்காது. கம்பெனி சொன்ன விலைதான் விலை.

விலை உயர்ந்த மாடல் வாங்குபவருக்குக் கம்பெனி தீர்மானித்த திரை. பேஸ் மாடல் வாங்கும் டாக்ஸிக்காரருக்கோ இன்றும் டாஷ்போர்டில் பிளாஸ்டிக் மூடி போட்ட காலி இடம்தான். கம்பெனி செலவை மிச்சம் பிடிக்க விட்டது அது. ஆனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர், எதை மாட்டுவது, எவ்வளவு செலவழிப்பது, யாரிடம் கொடுப்பது என்று தானே முடிவு செய்யும் இடமும் அதுதான்.