தீவனத் தொட்டியும் தேயிலைத் தோட்டமும்

நீலமலையின் மழையைப் பற்றி எழுதியோர் பலர். அம்மழையை வண்டியின் கண்ணாடி வழியே கண்டு வியந்தோரே அவர்களுள் மிகுதி. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் வானம் திறந்தால் நாள்கணக்கில் மூடுவதில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அதே நிலை. மழை ஓய்ந்தால் மூடுபனி. மூடுபனி விலகினால் குளிர். இத்தகைய நாளொன்றில் நான்கு வயதுக் குழந்தை எங்கே ஓடி விளையாடும்? தோட்டத்து லைன் வீட்டில் அடுப்பும் விறகும் படுக்கையும் போக எஞ்சும் இடம் ஒரு பாய் அகலமே. வாசலில் சேறு. வாசலைத் தாண்டினால் தேயிலைச் செடிகள். அவற்றினிடையே கரடியும் காட்டெருமையும் சிறுத்தையும் நடமாடும் காலம் இது.

தலைக்கு மேல் கூரை, காலுக்குக் கீழ் உலர்ந்த தரை, நுழையக் காசு கேட்காத கதவு ஆகிய இம்மூன்றும் உள்ள ஓரிடம் நம் மலைக் குழந்தைகளுக்குக் கிடைக்கிறதா? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயின், இதற்குப் பின்னே நூற்றாண்டு கடந்த வரலாறு ஒன்று உண்டு. அதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

தோட்டங்களில் தாய்மார் வேலைக்குச் செல்லும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் அறையைக் ‘கிரெச்’ என்கிறோம். அது பிரெஞ்சுச் சொல். அதன் முதற்பொருள் மாட்டுக்குத் தீனி வைக்கும் தீவனத் தொட்டி என்பதாகும். பெத்லகேமில் பாலன் கிடத்தப்பட்ட அதே தொட்டி! பாரிஸ் நகரில் கத்தோலிக்கப் பொதுநிலையினரான ஃபிர்மின் மார்போ என்பவர் 1844இல் ஏழைத் தொழிலாளப் பெண்களின் கைக்குழந்தைகளுக்கென ஒரு காப்பகத்தைத் தொடங்கியபோது இப்பெயரையே சூட்டினார். சத்திரத்தில் இடம் கிடைக்காத குழந்தைக்குக் கிடைத்த இடம் என்னும் நினைவு அப்பெயருக்குள் உறைந்துள்ளது. ஆனால் அங்கும் தாய்மார் நாள்தோறும் சிறுதொகை செலுத்த வேண்டியிருந்தது. தாய் கவலையின்றி வேலை செய்யவேண்டும் என்பதே முதல் நோக்கம். குழந்தையின் மகிழ்ச்சி அதற்கு அடுத்தபடியாகவே வந்தது.

இந்த முன்பின் வரிசை நம் மலைக்கும் வந்து சேர்ந்தது. ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பகுதியை அடைந்தார். அந்நூற்றாண்டின் பிற்பாதியில் தேயிலைத் தோட்டங்கள் சரிவுகளை மூடத் தொடங்கின. சமவெளியிலிருந்தும் மைசூர்ப் பக்கமிருந்தும் கங்காணிகள் ஆள் திரட்டினர். கொழுந்து எடுப்பதில் பெண்களின் விரல்களே வேகமானவை எனக் கருதப்பட்டதால் தாய்மார் காட்டுக்குப் போயினர். குழந்தைகளும் உடன் போயினர். நிழல்மரக் கிளையில் சேலைத் தூளி கட்டி, அதில் குழந்தையைக் கிடத்திவிட்டுத் தாய் கொழுந்து எடுப்பாள். சற்று வளர்ந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அதைவிடச் சற்றே வளர்ந்த இன்னொரு குழந்தை. எடையைப் பொறுத்தே வரவு என்றிருக்கையில், அழும் பிள்ளையை எடுத்து அணைக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு விலை இருந்தது.

திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்துத் தம் சுற்றுமடலை வெளியிட்டது 1891இல். தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்கள் ‘உப்பாசி’ என்னும் தங்கள் சங்கத்தை அமைத்தது 1893இல். தோட்டத் தொழிலாளியின் குழந்தைக்கு ஓர் அறை கட்டாயம் என்று நாடு தழுவிய சட்டம் சொன்னது 1951இல். உரிமையாளர் ஒன்றுகூடிய பின்பு குழந்தைக்கு ஒரு கூரை சட்டமாக வர 58 ஆண்டுகள் ஆயின என்பது சிந்திக்கத்தக்கது.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெரும் நன்மை செய்தது என்பதை மறுக்க இயலாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. வீடும் மருத்துவமும் கல்வியும் வேண்டும் என்றது. ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் அவர்தம் குழந்தைகளுக்கென, வெளிச்சமும் காற்றோட்டமும் தூய்மையும் உள்ள அறைகள் வேண்டும், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணொருவர் பொறுப்பில் அவை இயங்கவேண்டும் என்றது. நம் மலையில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குக் காசில்லாமல், கருணையாக அன்றி உரிமையாகக் கிடைத்த கூரை அதுவே.

ஆயினும் ஒன்றைக் கவனிப்போம். சட்டம் எண்ணியது யாரை? ஐம்பது பெண்களை. நாற்பத்தொன்பது பெண்களே இருந்தால், அவர்களுக்கு எத்தனை குழந்தைகள் இருந்தாலும் அறை கட்டாயமில்லை. 1981இல் வந்த திருத்தமே, இருபது குழந்தைகள் இருந்தாலும் அறை வேண்டும் என்று சேர்த்தது. குழந்தையின் தலையைச் சட்டம் தன் கணக்கில் எண்ணத் தொடங்க முப்பது ஆண்டுகள் ஆயிருந்தன!

அறைகள் எப்படி இருந்தன? நல்லனவும் இருந்தன, அல்லனவும் இருந்தன. வரிசையாகத் தூளிகள், ஒரு மூலையில் பால் காய்ச்சும் அடுப்பு, பாட்டுச் சொல்லித்தரும் ஆயா, பாலூட்டும் இடைவேளையில் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவரும் தாய் என, நெஞ்சைத் தொடும் காட்சிகளை மூத்தோர் இன்றும் விவரிப்பர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி, அரசின் டான்டீ தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் தங்களோடு ‘பிள்ளை மடுவம்’ என்ற சொல்லையும் கொண்டுவந்தன. கடல் கடந்தும் அதே கூரை, அதே தேவை. வேறு சில இடங்களிலோ, குழந்தை ஓடிப்போகாமல் அடைத்துவைக்கும் நாலு சுவரே அறையாயிற்று. ஒரு மரப்பொம்மைகூட இல்லை. காவல் இருந்தது, விளையாட்டு இல்லை.

விளையாட்டு வேண்டும் என்ற அறிவு வேறொரு வழியாக வந்தது. உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளருக்கான அடுக்குக் குடியிருப்புகள் இருந்தன. பெற்றோர் வேலைக்குப் போனபின் குழந்தைகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைப் பாழாக்கினர். கட்டட உரிமையாளர்கள் சுவரைக் காக்கும் பொருட்டுக் குழந்தைகளுக்கென ஓர் அறையை ஒதுக்கினர். 1907 ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாளன்று, மரியா மாண்டிசோரி அம்மையார் அவ்வறையைத் திறந்தார். சுவருக்காகக் கொடுக்கப்பட்ட அறையை அவர் குழந்தைக்குரியதாக மாற்றினார். குழந்தையின் உயரத்திற்கேற்ற மேசை, அதன் கைக்கு அடங்கும் பொருள்கள், தானே எடுத்துத் தானே திரும்ப வைக்கும் உரிமை ஆகியவை அங்கே உருவாயின. விளையாட்டே சிறு குழந்தையின் உழைப்பு என்பதை அவ்வறை உலகுக்குக் காட்டியது. இந்த அம்மையாரே 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, நம் கொடைக்கானல் மலையிலும் சில ஆண்டுகள் வாழ்ந்து பணியாற்றினார்.

நம் நாட்டில் 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. தமிழகத்தில் 1982இல் சத்துணவுத் திட்டம் பால்வாடிக் குழந்தைகளையும் அரவணைத்தது. ‘அங்கன்வாடி’ என்றால் முற்றம் என்று பொருள். வெயில் காயும் சமவெளிக்கு முற்றம் போதும். மழை பெய்யும் மலைக்கு முற்றத்தின் மேல் ஒரு கூரையும் தேவை. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989இல் ஏற்கப்பட்டது. அதன் 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்றே கூறுகிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. இங்கே அறை தாயின் வேலைக்காக அன்று, குழந்தைக்காகவே கேட்கப்படுகிறது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. இன்று தோட்டங்களில் நிரந்தரப் பெண் தொழிலாளர் குறைந்து வருகின்றனர். இளையோர் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டனர். டான்டீ நிலத்தின் ஒரு பகுதி 2022இல் வனத்துறைக்கே திரும்பியது. சிறு விவசாயிகளின் பல்லாயிரம் துண்டு நிலங்களில் கூலிக்குச் செல்லும் தாய்மாருக்குத் தோட்டச் சட்டத்தின் அறை என்றுமே கிடைத்ததில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் புதிய குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு வருகின்றன. 2020இல் நிறைவேறிய பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் ஐம்பது ‘பெண்கள்’ என்பதை ஐம்பது ‘தொழிலாளர்’ என்று மாற்றியது. தந்தைக்கும் பிள்ளை உண்டு என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. நன்று. எனினும், எண்ணிக்கை குறைந்தால் அறைக்குப் பூட்டு விழும் என்பது மாறவில்லை. வேலைக்காகக் கொடுக்கப்பட்ட அறை, வேலை போனதும் போய்விடும். குழந்தைக்காகக் கொடுக்கப்படும் அறையே, குழந்தை உள்ளவரை நிற்கும்.

பூட்டிய அறைக்கு வெளியே என்ன இருக்கிறது? 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே தேயிலைத் தோட்டமொன்றில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை தூக்கிச் சென்று கொன்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். தாயின் கையருகிலேயே நேர்ந்த துயரம் அது. சிறு குழந்தைகளின் பாதுகாப்பு இம்மலையில் எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது!

இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் முன்பு பணியாற்றிய மலைப்பங்கு ஒன்றில் நல்லதொரு மண்டபம் இருந்தது. ஞாயிறன்று மறைக்கல்வி, ஆண்டுக்குச் சில திருமண விருந்து. மற்ற நாளெல்லாம் பூட்டு. ஓர் ஆடி மாதத்து மழையில் லைன் குழந்தைகள் நால்வர் அதன் தாழ்வாரத்தில் ஒதுங்கி, கரித்துண்டால் சுவரில் கோடு கிழித்து விளையாடினர். புதிதாக வெள்ளையடித்த சுவர்! நாம் அவர்களை விரட்டினோம். மறுநாள் தாழ்வாரத்துக்கும் கம்பிக் கதவு போட்டோம். உரோமையின் கட்டட உரிமையாளர்கள் சுவரைக் காக்க ஓர் அறையைத் திறந்தார்கள். நாமோ சுவரைக் காக்க ஓர் அறையை மூடினோம். அவ்வாண்டு டிசம்பரில் அதே மண்டபத்தில் மிக அழகான குடில் அமைத்தோம். தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பினோம். அந்நால்வரும் கம்பிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தனர். அவர்கள் முகம் இன்னும் நம்மை விட்டு அகலவில்லை.

நம் பங்குகளில் மண்டபங்கள் உண்டு. பள்ளிகளில் மாலை நான்கு மணிக்குப்பின் வெறுமையாகும் வகுப்பறைகள் உண்டு. வாரத்தில் சில நாளேனும் அவற்றைத் திறக்கப் பெருஞ்செலவு ஆகாது. தரைக்குப் பாய், சில மரக்கட்டைகள், பந்துகள், படப் புத்தகங்கள், அருகில் கழிப்பறை, அடைக்கும் வேலி. முக்கியமாக, எந்நேரமும் இருவராகச் சேர்ந்து கண்காணிக்கும் பொறுப்பான பெரியோர். எவ்வளவு நம்பிக்கைக்குரியவராயினும் ஒருவர் தனியே குழந்தைகளோடு இருத்தல் ஆகாது. கதவும் சன்னலும் திறந்தே இருக்கட்டும். எந்தச் சமயத்துப் பிள்ளை, எந்த மொழிப் பிள்ளை என்று கேளாதிருப்போம். காசும் கேளாதிருப்போம். சுவரில் கோடு விழும், விழட்டும். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு மலிவானதே.

வரும் மழைக்காலத்திற்கு இன்னும் நாள் இருக்கிறது. நம் ஊர் மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றே விசாரிப்போமா?