புதுச்சேரி பஞ்சாலைத் தொழிலாளர் உரிமை இயக்கம்

புதுச்சேரி பஞ்சாலைத் தொழிலாளர் உரிமை இயக்கம் என்பது பிரெஞ்சிந்தியாவின் தலைநகரில் 1930களில் எழுந்த மக்கள் இயக்கம். சங்கம் வைக்கும் உரிமையையும் எட்டு மணி நேர வேலையையும் 1937 ஏப்ரல் 6 அன்று பிறந்த பிரெஞ்சு அரசாணையின் வழியே அது பெற்றுத் தந்தது. நகரத் தொழிலாளரின் துணிவோடு சென்னைத் தொழிற்சங்கத் தலைவர்களின் துணையும் பாரிஸின் அரசியல் மாற்றமும் சேர்ந்ததால்தான் இந்த வெற்றி கைகூடியது.

எல்லையும் சட்டமும்

அன்றைய புதுச்சேரி, தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்களுக்கு இடையே துண்டு துண்டாகக் கிடந்த பகுதி. எல்லையைத் தாண்டினால் மொழியும் உறவும் மாறுவதில்லை. சட்டம் மட்டும் மாறிவிடும். பிரிட்டிஷ் இந்தியாவில் 1926ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சங்கங்களுக்கு அங்கீகாரம் தந்திருந்தது. பிரான்சில் அந்த உரிமை 1884லேயே வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் சிக்கிய புதுச்சேரித் தொழிலாளிக்கு எதுவும் இல்லை. சாவானா, ரோடியர், கெப்ளே ஆகிய மூன்று பெரிய ஆலைகளிலும் பெண்களும் சிறுவர்களும் உட்பட ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பத்து மணி நேரத்துக்கும் மேலாக உழைத்தனர்.

உலக அளவிலும் இந்தியத் தொழிலாளி சமமாக நடத்தப்படவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கை வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று வகுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கோ 60 மணி நேரத்தை அனுமதித்தது.

சங்கத்தின் தோற்றம்

இயக்கத்தின் மையமாக இருந்தவர் வ. சுப்பையா (1911–1993). அவர் முன்பு ஹரிஜன சேவைச் சங்கத்தில் பணியாற்றியவர் என்பதைக் கவனிக்க வேண்டும். தீண்டாமையை எதிர்த்தவர்களே பின்னர் ஆலைவாசலுக்கும் வந்தார்கள். சாதி இழிவையும் கூலிக் கொடுமையையும் அவர்கள் தனித்தனியாகப் பார்க்கவில்லை. காந்தி 1934 பிப்ரவரியில் புதுச்சேரிக்கு வந்ததற்கும் தீண்டாமை எதிர்ப்புப் பணியே காரணம். அதே ஆண்டு சுப்பையா 'சுதந்திரம்' இதழைத் தொடங்கினார். சென்னையில் அவருக்குக் கிடைத்த பொதுவுடைமையாளர் தொடர்பு, தொழிலாளரைத் திரட்டும் முறையைக் கற்றுத் தந்தது.

சாவானா ஆலையில் 1935இல் நடந்த வேலைநிறுத்தம் முதல் பெரிய மோதல். வேலை நேரக் குறைப்பு, கூலி உயர்வு, பெண்களுக்குப் பேறுகால விடுப்பு ஆகியவை அதன் கோரிக்கைகளில் அடங்கும்.

1936 ஜூலை 30

பிரான்சில் 1936 ஜூனில் லியோன் பிளூம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சி அமைந்தது. அங்கே ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து போராடிய தொழிலாளர்கள் வாரத்துக்கு 40 மணி நேர வேலையை வென்றிருந்தனர். அந்தச் செய்தி புதுச்சேரிக்கு நம்பிக்கை தந்தது. ஜூலையில் இங்கும் உள்ளிருப்பு வேலைநிறுத்தம் நடந்தது. ஜூலை 30 அன்று ஆயுதப் படையினர் சாவானா ஆலைத் தொழிலாளர்மீது சுட்டனர். பன்னிரண்டு பேர் உயிரிழந்தனர். பாரிஸில் போராடிப் பெற்ற உரிமைக்கு, அதே கொடி பறந்த புதுச்சேரியில் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லை கடந்த துணை

துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு இயக்கம் ஒடுங்கிப் போயிருக்கலாம். அப்படி ஆகாமல் காத்தது வெளியிலிருந்து வந்த ஆதரவு. ரயில்வே தொழிற்சங்கத் தலைவராக இருந்தவரும் பின்னாளில் குடியரசுத் தலைவரானவருமான வி.வி. கிரி புதுச்சேரிக்கு வந்து பேச்சுவார்த்தைக்கு உதவினார். 1936 அக்டோபரில் நேருவும் வந்தார். சுப்பையா 1937இல் பாரிஸ் சென்று கோரிக்கைகளை நேரடியாக வலியுறுத்தினார்.

விளைவாக வந்த அரசாணை எட்டு மணி நேர வேலையையும் சங்க உரிமையையும் சட்டமாக்கியது. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று புதுச்சேரியில் பெருமையோடு சொல்வார்கள். அந்தக் கணக்கு எப்படியிருந்தாலும், வேலை நேரத்தில் பிரிட்டிஷ் இந்தியாவை இந்தச் சிறு நகரம் முந்தியது என்பதில் ஐயமில்லை. அங்கே 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 54 மணி நேரம் வரை அனுமதித்தது. 48 மணி நேரம் என்பது 1946இல்தான் வந்தது.

பிற்காலம்

புதுச்சேரி இயக்கத்தைப் போலவே தெற்காசிய உரிமை அமைப்புகள் இன்றும் எல்லை கடந்து கைகோக்க வேண்டியே இருக்கிறது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்கக் கண்டங்களுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மண்டல மனித உரிமை நீதிமன்றங்கள் உண்டு, தெற்காசியாவுக்கு இல்லை. அந்தக் குறையை ஓரளவேனும் ஈடுசெய்ய, 2000இல் ராஜஸ்தானின் நீம்ரானாவில் கூடியவர்கள் தெற்காசிய மனித உரிமை அமைப்பைத் தொடங்கினர். முன்னாள் இந்தியப் பிரதமர் ஐ.கே. குஜ்ராலும் பாகிஸ்தான் வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீரும் அதில் முன்னின்றனர். அதன் செயலகம் கொழும்பில் உள்ளது.

புதுச்சேரியில் ஜூலை 30 தியாகிகள் தினமாக நினைவுகூரப்படுகிறது. ரயில் நிலையம் அமைந்துள்ள சாலை சுப்பையாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ரோடியர் ஆலை என்று அறியப்பட்ட ஆங்கிலோ பிரெஞ்சு ஜவுளி ஆலை 2020இல் மூடப்பட்டது.