எழுத்தும் எண்ணும்: பைதன் மொழியின் பிளவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

‘தமிழ்’ என்னுஞ் சொல்லில் மூன்று எழுத்துக்கள் உள்ளன என்று கூறுவதற்கு இலக்கணப் புலமை வேண்டுவதில்லை. அரிவரி வகுப்பு மாணவனும் அதனைக் கூறுவான். ஆயின் அதே வினாவைப் பைதன் என்னும் கணனி மொழியிடம் விடுத்தால், அதன் 2 ஆம் வரிசைப் பதிப்பு 15 என்றும், 3 ஆம் வரிசைப் பதிப்பு 5 என்றும் விடையிறுக்கின்றன. இவ்விரு விடைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடு சிறு தொழில்நுட்பத் திருத்தமொன்றின் விளைவன்று. உலகிற் பெருவழக்குப் பெற்ற மொழியொன்று தன் பழைய நிரல்களோடு உறவை முறித்துக்கொண்டு, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் இரண்டாகப் பிளவுண்டு கிடந்தமைக்குத் தலையாய காரணங்களுள் இதுவும் ஒன்று. அப்பிளவினைப் பற்றி எழுதியோர் பலரும் அதனை நிருவாகத் தவறென்றோ வீண்செலவென்றோ கணித்துள்ளனர். செலவு உண்மையே. ஆயினும், எழுத்து என்பது யாது என்னும் அடிப்படை வினாவே அப்பிளவின் உள்ளீடாக இருந்தது என்பதையும், அவ்வினாவின் சுமையை அதற்கு முன்னர் எவர் தாங்கினர் என்பதையும் நோக்காது அதனை மதிப்பிடுதல் பொருந்தாது என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

பைதன், ‘ஸ்கிரிப்ற் மொழி’ என வழங்கும் வகையைச் சார்ந்தது. நிரலை முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றிவைக்காது, எழுதியவுடன் இயக்கிப் பார்க்கக்கூடியனவும், கோப்புக்களைப் படித்தல், சொற்களைப் பிரித்தல், பட்டியலிடல் போன்ற அன்றாடப் பணிகளுக்கு ஏற்றனவுமான மொழிகளே இப்பெயர் பெறுவன. 1977 இல் பெல் ஆய்வுகூடத்தில் ஆஹோ, வைன்பேர்கர், கேர்ணிகன் ஆகிய மூவர் ஆக்கிய ஓக் மொழியும், 1987 இல் லரி வோல் வெளியிட்ட பேர்ள் மொழியும் இதன் முன்னோடிகளுள் அடங்குவன. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கணித, கணனி ஆய்வு நிறுவனத்திற் பணியாற்றிய குயிடோ வான் றொஸம் 1989 ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையிற் பைதனை எழுதத் தொடங்கினார். அதற்கு முன்னர் ஏ.பி.சி. என்னும் பயிற்று மொழியின் ஆக்கத்தில் அவர் பங்குகொண்டிருந்தார். வரியின் தொடக்கத்தில் விடப்படும் இடைவெளியாலேயே நிரலின் அமைப்பை உணர்த்தும் பைதனின் வழக்கம் அம்மொழியினின்று வந்ததாகும். 1991 பெப்ரவரியில் முதற் பதிப்பு பொதுமக்களுக்கு வெளியாயிற்று. அதே ஆண்டு ஒக்ரோபரிலேயே யூனிக்கோட் நியமத்தின் முதற் பதிப்பும் வெளிவந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஒரே ஆண்டிற் பிறந்த இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தன.

அக்காலப் பைதனில் ‘சரம்’ என்பது பைற்றுக்களின் வரிசையே. ஒரு பைற்று 256 பெறுமானங்களுள் ஒன்றை ஏற்கும். 1963 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அஸ்கி நியமம் 128 இடங்களை மாத்திரமே கொண்டது. ஆங்கில எழுத்துக்களுக்கும் இலக்கங்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் அவை போதுமாயின. ஆகவே ஆங்கிலம் எழுதுவோனுக்குப் பைற்று வேறு, எழுத்து வேறு என்னும் எண்ணம் தோன்றுதற்கே இடமிருக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. ஒரு சமுதாயத்தின் தற்செயலான வசதி பொதுவிதியாக உருக்கொள்ளுதல் வரலாற்றிற் புதியதன்று.

2000 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளியான பைதன் 2.0 பதிப்பு யூனிக்கோட் சரத்தை ஒரு தனி இனமாகச் சேர்த்தது. பழைய பைற்றுச் சரமும் நீடித்தது. இவ்விரண்டும் ஒரு கூற்றிற் சந்திக்கும்போது என் செய்வது? பைற்றுச் சரத்தை அஸ்கி என்று கொண்டு மௌனமாக மாற்றிக்கொள்க என்று விதிக்கப்பட்டது. நல்லெண்ணத்தில் எழுந்த விதியே அது. ஆனால் அதன் விளைவு விபரீதமானது. ஆங்கிலப் பெயர்கள் வரும்வரை நிரல் குறைவின்றி இயங்கும். ஆக்கியோன் செய்யும் சோதனைகள் யாவும் தேறும். பின்னர் ஒருநாள் தமிழ்ப் பெயரொன்றோ, ஏன், பிரெஞ்சுப் பெயரொன்றோ உள்ளே வரும். அக்கணமே நிரல் நின்றுவிடும். யூ.ரி.எவ்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைற்றுக்களாக எழுதப்படுவது. அவற்றுள் முதலாவது எப்போதும் 224 என்னும் பெறுமானமுடையது. அஸ்கியின் எல்லையோ 127. எனவே ‘224 ஐ அஸ்கி முறையால் வாசிக்க இயலாது’ என்னும் கருத்துடைய வழுச்செய்தி, பைதன் 2 இல் தமிழைக் கையாண்டோர் அனைவருக்கும் பழக்கமாயிற்று. வழு பிறந்த இடம் ஒன்று. அது வெளிப்பட்ட இடம் மற்றொன்று. நிரலை எழுதியோன் அதனைக் காணான், பயன்படுத்தியோனே கண்டான்.

இதற்குக் கையாளப்பட்ட பரிகாரங்கள் பல. மொழியின் இயல்பு முறையையே அஸ்கியிலிருந்து யூ.ரி.எவ்.-8 ஆக இரகசியமாக மாற்றிவிடும் தந்திரமொன்று பெரிதும் பரவியது. அது பிற நூலகங்களின் நம்பிக்கைகளைக் குலைக்குமாதலால் அறிந்தோர் அதனைக் கண்டித்தனர். வழு தோன்றிய வரிகளிலெல்லாம் மாற்றற் கட்டளைகளைத் தூவிவிடுவது இன்னொரு வழக்கம். ஒருமுறை மாற்றியதை மறுமுறையும் மாற்றி, வாசிக்கவொண்ணாக் குறிகளாகப் பனுவலைச் சிதைத்தமையே இதன் பலன். நல்ல வழக்கம் ஒன்றே: கோப்பிலிருந்தோ வலையமைப்பிலிருந்தோ பைற்றுக்கள் நிரலின் வாயிலை அடைந்தவுடன் அவற்றை எழுத்துக்களாக மாற்றுக, உள்ளே எழுத்துக்களை மாத்திரம் கையாளுக, வெளியேறும் வாயிலில் மீண்டும் பைற்றுக்களாக்குக. இது பைதன் 2 இலும் இயலுமாயிருந்தது. ஆனால் மொழி அதனை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாத ஒழுங்கைத் தேவை எழாதவன் ஏன் கடைப்பிடிக்கப்போகின்றான்?

2008 டிசம்பர் 3 ஆந் திகதி வெளியான பைதன் 3.0 இவ்வொழுங்கை விதியாக்கிற்று. சரமென்றால் யூனிக்கோட் எழுத்துவரிசை. பைற்றுவரிசை முற்றிலும் வேறோர் இனம். இரண்டையும் ஒன்றோடொன்று கூட்ட முயன்றால், உள்ளிருப்பது ஆங்கிலமாயினும் தமிழாயினும், உடனே வழு எழும். இதுவே முக்கியம். முன்னர் தமிழ் எழுதுவோனை மாத்திரம் தண்டித்த வழு, இப்பொழுது முதல் நாளிலேயே, நிரலாசிரியனின் மேசையிலேயே, எல்லார்க்கும் பொதுவாக வெளிப்பட்டது. அச்சிடும் கட்டளை சார்பாக மாறியமை, 3 ஐ 2 ஆல் வகுத்தால் 1 என்பது போய் 1.5 என வருதல் முதலிய பிற மாற்றங்கள் எளிதிற் திருத்தக்கூடியன. அவை பற்றி எழுந்த ஆரவாரம் அவற்றின் தகுதிக்கு மிஞ்சியது.

எனினும் மாற்றம் நடைமுறைப்படுத்தப்பட்ட விதம் குறையுடையதே. பழைய நிரலைப் புதியதாக ஒரே தடவையில் மொழிபெயர்க்கும் கருவியொன்று வழங்கப்பட்டது; அது போதுமென்று கருதப்பட்டது. நடைமுறையில் நூலக ஆசிரியர்களுக்கு வேண்டியிருந்ததோ இரு பதிப்புக்களிலும் இயங்கும் ஒரே மூலப்பிரதி. தான் சார்ந்த நூலகம் மாறும்வரை ஒருவரும் மாறமுடியாத நிலையில் ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்திருந்தனர். எண்கணிப்புக்குரிய நம்பை நூலகம் 2010 இலும், இணையத்தளங்களுக்குரிய ஜாங்கோ 2013 இல் முதலிற் பரீட்சார்த்தமாகவும் புதிய மொழியை ஏற்றன. யூனிக்கோட் சரத்தின் முன்னே ‘யூ’ எழுத்தை இடும் பழைய குறியீடு 3.0 இல் நீக்கப்பட்டு, 2012 இல் 3.3 பதிப்பில் மீண்டும் சேர்க்கப்பட்டமை, ஆக்கியோர் தம் கணிப்பைத் திருத்திக்கொண்டமைக்குச் சான்று. பைதன் 2 இற்கான பராமரிப்பு 2015 இல் முடிவதாயிருந்தது. 2014 இல் அம்முடிவு 2020 இற்குத் தள்ளப்பட்டது. இன்ஸ்ரகிராம் நிறுவனம் 2017 இலும், வான் றொஸம் தாமே அப்போது பணியாற்றிய ட்ரொப்பொக்ஸ் நிறுவனம் 2018 இலும் தம் நிரல்களை மாற்றின. 2020 ஜனவரி 1 ஆந் திகதி பராமரிப்பு நின்றது. ஏப்ரிலில் இறுதிப் பதிப்பு வெளியாயிற்று.

மாற்றாதிருந்திருக்கலாமா? பி.எச்.பி. மொழியின் வரலாறு இதற்கு ஓர் உரைகல். யூனிக்கோட்டை அடிப்படையாகக் கொள்ளவிருந்த அதன் 6 ஆம் பதிப்பு 2010 இற் கைவிடப்பட்டது. 2015 இல் வந்த அடுத்த பெரும் பதிப்பு 7 என எண்ணிடப்பட்டது. பிளவு தவிர்க்கப்பட்டது. ஆனால் அம்மொழியின் சாதாரண நீளச் சார்பு ‘தமிழ்’ என்பதற்கு 15 என்றே விடையளிக்கும். வேறான சார்பொன்றை அழைக்கவேண்டும் என்பதை அறிந்தோனே தப்புவான். பேர்ளோ 2000 இல் அறிவித்த 6 ஆம் பதிப்பை 2015 வரை எழுதி, ஈற்றில் அது வேறு மொழியென்றே கருதப்பட்டு 2019 இல் ராக்கு எனப் பெயர் மாறியது. இவற்றோடு ஒப்பிடுகையில் பைதனின் பன்னிரண்டு ஆண்டுகள் வீணானவையல்ல என்றே கொள்ளவேண்டும்.

இனி, எஞ்சிய வினாவுக்கு வருவோம். பைதன் 3 கூறும் 5 என்பதும் நம் எண்ணிக்கையன்றே. யூனிக்கோட்டின் தமிழ்ப் பகுதி 1988 ஆம் ஆண்டின் இந்திய நியமத்தை அடியொற்றியது. அதில் அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி என்பன தனித்தனிக் குறிகள். த, ம, இகரக்குறி, ழ, புள்ளி ஆக ஐந்து. புள்ளி பெற்றதே தூய மெய், புள்ளி நீங்கியது அகரத்தோடு கூடியது எனத் தொல்காப்பியம் கூறும் வரிவடிவ நெறிக்கு இது ஒருவகையில் அண்மையானதே. ஆயினும் எழுத்தை எண்ணும் யாப்பிலக்கண மாணவனுக்கு இது உதவாது. இச்சொல்லைத் தலைகீழாக்கினாற் புள்ளி அநாதரவாக முன்னே நிற்க, மகரத்தின் இகரக்குறி ழகரத்தைச் சென்று பற்றும். அகரவரிசைப்படுத்தினால் ‘மனம்’ முன்னும் ‘மரம்’ பின்னுமாக வரும். ஏனெனில் அந்நியமத்தில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. நம் அகராதிகளில் அது ஈற்றெழுத்து. ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், எகரக்குறியும் ஆகாரக்குறியும் ஆகிய இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடில்லை, ஒப்பிடும் கணனிக்கோ அவை வேறு சொற்கள். முன்னதாக இருவடிவையும் ஒருவடிவாக்கும் நியமச் சார்பினை அழைப்பது தமிழ்த் தேடல் நிரல் எழுதும் எவரும் மறவாது செய்யவேண்டியது.

இன்னொன்று சற்று நகைப்புக்குரியது. பைதன் 3 இல் மாறியொன்றுக்குத் ‘தமிழ்’ என்று பெயரிடலாம். மொழி அதனை ஏற்கும். ஆயின் அதே சொல்லை, இது எழுத்துக்களால் மட்டும் ஆயதா என்று வினவினால் இல்லை என்கின்றது. சொற்களைப் பிரித்தெடுக்கும் வழமையான கோலத்தைப் பயன்படுத்தினால் ‘தம’, ‘ழ’ என இரு துண்டுகளைத் தருகின்றது. உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்தென்னும் இனத்துட் சேர்க்கப்படாமையே காரணம். எனவே சொல்லெண்ணிக்கை ஆய்வு செய்ய முனையும் மாணவர், வழமையான கோலத்தை விடுத்து, தமிழ்ப் பகுதியின் எல்லைகளைத் தாமே குறிப்பிட்டு எழுதுதல் வேண்டும். எழுத்தெண்ணிக்கைக்குக் குறிகளின் இனத்தை நோக்கி, உயிர்க்குறியையும் புள்ளியையும் விலக்கி எஞ்சியவற்றை எண்ணினால் மூன்று என்னும் விடை கிடைக்கும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்ற வடவெழுத்துக் கூட்டங்கள் இதற்கு விலக்கு.

இலங்கைத் தமிழ் மாணவர்க்கு இவ்வரலாறு இன்னொரு வகையிலும் நேரே பொருந்துகின்றது. இந்நாட்டிற் சஞ்சிகைகளும் நூல்களும் பாமினி எழுத்துருவிற் பெருமளவு தட்டச்சாகின. அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துக்களின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தது; ‘ஜே’ இருக்குமிடத்தில் தகரமும், ‘எவ்’ இருக்குமிடத்திற் ககரமும் அமைந்தன. இவ்வாவணங்களை யூனிக்கோட்டுக்கு மாற்றும் நிரல் சிறிது. பைதனில் ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடலாம். ஆனால் இரு நுட்பங்கள் உள. பாமினியில் எகரக்குறி கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் மெய்க்கு முன்னே தட்டப்படும். யூனிக்கோட்டில் ஒலிப்பின் ஒழுங்கிற் பின்னே வரும். ஆதலால் ‘கொ’ விற்குரிய மூன்று குறிகளையும் முதலில் மாற்றி, பின்னரே ‘கெ’ யையும், அதன்பின்னரே ‘க’ வையும் மாற்றவேண்டும். வரிசை பிறழ்ந்தால் எகரக்குறி முந்திய எழுத்தைப் பற்றும். இம்மாற்றீடுகளைப் பைதனின் அகராதியமைப்பில் இட்டோர் பலர் பழைய பதிப்புக்களில் இடருற்றனர். அகராதி தான் பெற்ற ஒழுங்கைக் காக்கும் என்னும் உறுதி 2018 இன் 3.7 பதிப்பிலேதான் வழங்கப்பட்டது. நீண்ட தொடர் முன்னாக நீளவரிசைப்படுத்திக்கொள்வது எப்பதிப்பிற்கும் பொருந்தும்.

இரண்டாவது நுட்பத்திற்கு நிரலால் முழுப் பரிகாரமில்லை. பாமினிக் கட்டுரையினிடையே வரும் ஆங்கிலச் சொற்களும் அதே பைற்றுக்களால் ஆனவை. மாற்றும் நிரல் அவற்றையும் தமிழென்று கொண்டு பொருளற்ற எழுத்துக்கோவையாக்கிவிடும். சொற்பதிவுக் கோப்பாக இருப்பின் ஒவ்வொரு தொடருக்கும் உரிய எழுத்துருவின் பெயர் அதிற் பதிந்திருக்கும். அதனை வாசித்து, பாமினிப் பகுதிகளை மாத்திரம் மாற்றுமாறு நிரலை அமைக்கலாம். வெறும் பனுவலாகச் சேமிக்கப்பட்ட கோப்புக்களில் அப்பெயர் இல்லை. அவற்றை மனிதரே வரிவரியாக வாசித்துப் பிரித்தல் வேண்டும். அதுவும் அவ்வெழுத்துருவில் வாசித்துப் பழகியோர் உள்ள காலத்திலேயே.